எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க

மருந்து நின்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் வந்து, சோறு செல்லவில்லை, ரத்தம் குறைவு, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் நான் முதலில் ஒன்றுதான் கேட்கிறேன். "உங்கம்மா எப்படிப் போனாங்க?" சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து சரசக்காவுக்கு வாய் இன்னும் நீண்டுவிட்டது என்று பல்லடத்தில் பேச்சு. நீண்டால் நீளட்டும். ஏன் கேட்கிறேன் என்பதை ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் அப்புறம் எனக்கும் ஓய்வு.

முதலில் வந்தது வலி அல்ல, அசதி. தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வாசலைத் தாண்டினால் மூச்சு வாங்கும். எனக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. ரத்தம் குறைவு என்றார் உள்ளூர் டாக்டர். தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பு டானிக்கும் கொடுத்தார். மாதக்கணக்கில் குடித்தேன். பல் கறுத்ததுதான் மிச்சம். ஒருநாள் தறிக்கூடத்திலேயே கண்ணை இருட்டிக்கொண்டு விழுந்தேன். என் வீட்டுக்காரர் தறிகளை அப்படியே ஓடவிட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் ஓடும் தறியை விட்டுவிட்டு வந்தது அன்றைக்குத்தான்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இவ்வளவு ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்போம் என்றார்கள். அந்தச் சோதனைக்கு முந்தின நாள் முழுக்க ஒரு உப்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்லுவார்கள். குடல் சுத்தமாகும்வரை கக்கூஸிலேயே குடியிருக்க வேண்டியதுதான். அப்புறம் பின்பக்கமாக, முனையில் விளக்கு வைத்த ஒரு கறுப்புக் குழாயை விட்டு டிவியில் பார்க்கிறார்கள். எனக்குப் பாதி மயக்கம். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பேச்சை நிறுத்தியது மட்டும் நினைவிருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கும் மனுஷன் திடீரென்று பேசாமல் ஆனால் நமக்கே தெரிந்துவிடுகிறது.

குடலின் வலது பக்கத்தில் கட்டி. அதில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் அந்த நோயின் பேரைச் சொல்லவில்லை. கட்டி, கட்டி என்றே சொன்னார்கள். முடிவு வந்த பிறகும் அப்படியே சொன்னார்கள்.

அறுவை செய்யும் டாக்டர் வந்தார். என் கட்டிலைச் சுற்றி என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் நின்றிருந்தார்கள். அண்ணனை வீட்டில் எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். வேட்டி கசங்காது, குரல் உயராது, ஆனால் எந்தச் சபையிலும் முதல் பேச்சு அவருடையது. டாக்டர் கேட்டார், "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி குடல்ல கட்டி, கேன்சர் இருந்திருக்கா?"

கேள்வி எனக்குத்தான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை படுத்து, பக்கத்தில் இரண்டு ஆண்பிள்ளைகள் நின்றால் பதில் அவர்களிடமிருந்துதான் வரும். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க. எங்க கூட்டமே கெட்டி ஒடம்புங்க. எங்கய்யன் தொண்ணூறு வயசுல கெணத்துல எறங்கிக் குளிச்சாருங்க."

டாக்டர் சரி என்று போய்விட்டார். நானும் படுத்தபடியே தலையை ஆட்டினேன். இதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. கூட்டம் என்றால் எங்களில் ஒரே குலத்துப் பங்காளிகள். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். தாலி ஏறிய அன்றைக்கே பெண் புருஷனுடைய கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறாள். கோயிலும் அதுதான், பங்காளியும் அவர்கள்தான். என் வம்சம் எது என்று யாராவது கேட்டால் இருபது வருஷமாக நானும் பெரியவருடைய வம்சத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுவை முடிந்தது. குடலில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். இருமினால் தையல் பிய்த்துக்கொள்ளும்போல இருக்கும். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார்கள். தைத்த குடல் வேலை செய்கிறதா என்று தெரிய, காலையில் வருகிற ஒவ்வொரு டாக்டரும் கேட்பது ஒன்றே ஒன்று. "காத்துப் பிரிஞ்சுதாம்மா?" அதைக் கேட்டுக் கேட்டு வீட்டு ஆட்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் விசாரித்தார்கள். கடைசியில் அது பிரிந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் வெளியே ஓடிப்போய் எஸ்டிடி பூத்திலிருந்து ஊருக்கெல்லாம் போன் போட்டார். மானமே போச்சு!

பணத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது தறிக்கூடத்துச் சத்தம் முன்னைவிடக் குறைவாகக் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன். அவர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சோறு கொண்டுவந்தவன் என் தம்பி செல்வன். பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். எங்களுக்கு அப்பன் ஆத்தாள் போய் ரொம்ப நாளாகிவிட்டது. என்னைவிட ஆறு வயசு இளையவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழையக் குழைய ஆக்கி, நெய் ஊற்றி, தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவான். நர்ஸ் ஊசியை எடுத்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஊசி எனக்கு, பயம் அவனுக்கு. "குத்தியாச்சுங்களாக்கா? திரும்பலாமுங்களா?" என்று கேட்பான்.

ஒன்றைக் கவனித்தேன். வந்தால் பெஞ்சில் சும்மா உட்கார மாட்டான். தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒருச்சாய்த்து உட்காருவான். "என்னடா அது?" என்றேன். "மூலமுங்க்கா. கோழித்தீவனச் சூடு. துத்திக்கீரை வதக்கித் தின்னுட்டிருக்கறேன், சரியாப்போகும்." நானும் விட்டுவிட்டேன்.

தையல் ஆறிய பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மாதத்தில் சில நாள் வந்து படுத்துக்கொள்ள வேண்டும். கையில் ஊசி, பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து. வாயெல்லாம் புண். காரம் பட்டால் உயிர் போகும். அந்த வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, பெரிய கண்ணாடி. மற்றவர்களைப் போல நின்றுகொண்டே பேச மாட்டார், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டாவது தடவை நான் மருந்துக்குப் போயிருந்தபோது கூட ஆண்பிள்ளை யாரும் இல்லை. தறிக்கு நூல் எடுக்க என் வீட்டுக்காரர் போயிருந்தார்.

"சரஸ்வதி, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் டாக்டரம்மா. "உங்க வயசு கம்மி. கட்டி வந்த இடம் வலது பக்கம். இப்படி வந்தா, பெரும்பாலும் குடும்பத்துல முன்னாடி யாருக்காவது இருந்திருக்கும். உங்களுக்கு மட்டும் யாருக்குமே இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

"ஆமாங்க. எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க."

"உங்க அம்மா எப்படி இறந்தாங்க?"

"அது வேறங்க. பொம்பளை நோவு. கர்ப்பப்பைல ரத்தப்போக்கு நிக்கவே இல்லீங்க. அம்பது ஆகலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாவோட கூடப் பிறந்தவங்க?"

"ஒரு மாமன். காங்கயத்துல இருந்தாரு. வயித்துல கட்டின்னு வேலூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலீங்க."

"அப்போ யாருக்கும் இல்லைன்னு யார் சொன்னது?"

"எங்க பெரியவருங்க. எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

"அவர் யாரோட குடும்பத்தைச் சொன்னார்?"

"அவிங்க குடும்பத்தைத்தானுங்க. கல்யாணம் ஆயிட்டா அதுதானுங்க எனக்கும் குடும்பம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சிரித்தார். நல்லாவே சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், வாய்ப்புண் வலிக்க வலிக்க. அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். துண்டை மடித்துப் போட்டு உட்காருகிறவன் கண்முன்னே வந்து நின்றான்.

அன்றைக்கு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். உடம்பு முழுக்க செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்த உடம்பை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு முழுவதும் ஒரு மெல்லிய நூலாகச் சுருண்டு கிடக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அந்த நூலையும் முழுசாக நகல் எடுக்க வேண்டும். நகலில் பிழை வரும். எல்லாருக்கும், தினமும் வரும். அதைப் பார்த்துக்கொள்ள செல்லுக்குள்ளேயே சில புரதங்கள் இருக்கின்றன. ஒரு வகை, பிழையைத் தேடி வெட்டிச் சரிசெய்கிறது. இன்னொரு வகை, சரியாகும்வரை பிரியாதே என்று செல்லைப் பிடித்து நிறுத்துகிறது. சரிசெய்யவே முடியாது என்றால் அந்தச் செல்லைச் செத்துப்போகச் சொல்லிவிடுகிறது. இந்தப் புரதங்கள் வேலை செய்கிறவரை நூல் நூலாக இருக்கும், கட்டி வராது. அதனால் கட்டியை அடக்கும் புரதங்கள் என்று அவற்றுக்குப் பேர்.

"புரதம்னா பருப்பு, முட்டைல இருக்கறதுங்களா?" என்றேன்.

"அது நாம சாப்பிடறது. இது செல் தனக்குன்னு தானே செஞ்சுக்கறது. எப்படிச் செய்யணுங்கற குறிப்பும் அந்த நூல்லயேதான் இருக்கு. ரெண்டு படி, அதாவது ரெண்டு நகல். அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. உங்க அம்மா கொடுத்த படி பிறக்கும்போதே கெட்டுப்போயிருந்திருக்கும்னு நினைக்கறேன். இவ்வளவு வருஷம் அப்பா கொடுத்ததுதான் காப்பாத்திச்சு. குடல்ல ஏதோ ஒரு செல்லுல அதுவும் கெட்டுப்போச்சு. அப்புறம் அந்த செல்லுல பிழை பார்க்க ஆள் இல்லை. பிழைமேல பிழை சேர்ந்துக்கிட்டே போகும்."

எனக்கு என் தறிதான் ஞாபகம் வந்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்த அதில் ஒரு சின்னக் கம்பி உண்டு. அது தேய்ந்துவிட்டால் நூல் அறுந்தது தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், வருவதெல்லாம் வீண் துணி. அதைச் சொன்னேன். "அதேதான், சரஸ்வதி. நிறுத்த வேண்டியது நிறுத்தலை" என்றார். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் வந்ததும் எனக்குக் குடலில் வந்ததும் ஒரே குறையால்தான், சில குடும்பங்களில் இப்படி இரண்டாகவும் வரும், வெளிநாட்டில் இப்போதுதான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இங்கே இன்னும் வரவில்லை என்றார். அம்மா கொடுத்தது நல்ல படியா கெட்ட படியா என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. என் தம்பிக்கும் அப்படியே, காலேஜில் படிக்கிற என் மகனுக்கும் அப்படியே. மகனுக்கு இன்னும் சில வருஷம் போகட்டும், தம்பியை உடனே கூட்டிவாருங்கள் என்றார்.

அடுத்த நாள் செல்வன் வந்தான். புரதம் என்று யாரோ பாதி சொல்லக் கேட்டு ஒரு அட்டை முட்டையோடு வந்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் துண்டின்மேல் நெளிந்தான்.

"அதெல்லாம் வேண்டாமுங்க்கா. மூலத்துக்குப் போயி பெருசு பண்றீங்க."

"ரத்தம் வருதா இல்லையாடா?"

"எப்பவாச்சும் வரும். மூலம்னா வராதுங்களா?"

"மூலமாவே இருக்கட்டும். பாத்துட்டு வந்துரு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "எம்மக பாப்பாளுக்குப் பவானிப் பக்கம் மாப்பிள்ளை எடம் முடிவாகற மாதிரி இருக்குதுங்க்கா. இப்பப் போயி நான் அந்தக் குழாய்ல படுத்தேன்னு தெரிஞ்சா அவிங்க என்ன நெனப்பாங்க? வம்சத்துலயே சீக்குன்னு பேராயிப்போடும். உங்களுக்கு வந்ததைக் கேட்டதுக்கே, அது கட்டிக்குடுத்த எடத்துச் சீக்குன்னு சொல்லிச் சமாளிச்சு வெச்சிருக்கறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது. அங்கே பெரியவர் என்னை அவர் வம்சத்தில் சேர்த்துவிட்டார், இங்கே தம்பி என்னைத் தன் வம்சத்திலிருந்து கழித்துவிட்டான். நடுவில் ஆத்தாளையும் மாமனையும் கணக்கில் சேர்க்க ஆளே இல்லை. "போடா" என்றேன். "தூக்குப்போசியை எடுத்துட்டுப் போ. உன்ற சோறு எனக்கு வேண்டாம்."

அடுத்த மாதம் மருந்துக்குத் தேதி வந்தது. நான் போகவில்லை. செல்வன் அந்தக் குழாயில் படுத்தால்தான் நான் ஊசிக்குக் கையை நீட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். டாக்டரம்மா போன் போட்டுச் சத்தம் போட்டார். இது விளையாட்டில்லை, மருந்தை நடுவில் விட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து என்றார். எனக்குத் தெரியாதா? பயமாகத்தான் இருந்தது. வயிற்றில் எங்கே சுருக்கென்றாலும் வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கிடந்தேன். ஆனால் அவனை வழிக்குக் கொண்டுவர என் கையில் வேறு என்ன இருந்தது? வாய் இருந்தது, அதற்கு அவன் மசியவில்லை.

பெரியவர் வீட்டுக்கு வந்தார். "என்ன அம்மணி இது, கொழந்தையாட்டம்?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்து எதிர்ப்பேச்சுப் பேசியதே கிடையாது. அன்றைக்குப் பேசினேன்.

"ஏனுங்க மாமா, அன்னைக்கு டாக்டர் கேட்டது யாரைங்க? உங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க. சரி. என்னைப் பெத்தவ வம்சத்துல இருந்துதுங்களே. அதை யாருங்க சொல்றது?"

அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். கோழிப்பண்ணையில் என்ன நடந்தது என்பதைச் செல்வன் பிற்பாடு சொன்னான். பெரியவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, "மாப்ள, டாக்டரு கேட்டது உங்க வம்சத்தை. நான் எங்க வம்சத்தைச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னுது. இப்ப நீ வந்து ஏறு. பவானிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றாராம். அவர் தப்பு என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே இவன் ஜீப்பில் ஏறியிருப்பான்.

சோதனை அன்றைக்கு நானும் போனேன். உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து அவன் முகம் வற்றிப்போயிருந்தது. வாசலில் நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை இருக்கா? பிரஷர் இருக்கா? "குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருக்குதுங்களா?"

பழக்கம் விடுமா? பெரியவர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

செல்வன் மெதுவாகச் சொன்னான். "எங்கம்மாளுக்குங்க. எங்க மாமனுக்குங்க." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினான். "இதா நிக்கிறாங்களே, எங்கக்கா. இவங்களுக்குங்க."

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் வந்தது அதுதான் முதல் தடவை. அவன் உள்ளே போனான். எனக்குச் சோறு கொண்டுவந்து அவன் காத்திருந்த மாதிரி, இப்போது பெஞ்சில் நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். பேசிக்கொண்டே வந்தார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. மூலமும் இருந்தது. ஆனால் அதற்கு மேலே, அவனுக்குத் தெரியாத இடத்தில், திராட்சை அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்தது. கம்பிக் கண்ணியால் அறுத்து எடுத்துவிட்டார்கள். துணுக்குச் சோதனையில் அது கெட்டதாக மாறத் தொடங்கியிருந்தது, ஆனால் இன்னும் மாறிவிடவில்லை என்று வந்தது. விட்டிருந்தால் என்னைப் போலத்தான் என்றார் டாக்டரம்மா. இனி வருஷா வருஷம் வந்து படுக்க வேண்டும். பவானிச் சம்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். பாப்பாள் இரண்டு நாள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பன் உயிரோடு இருந்து இன்னொரு இடம் பார்க்கட்டும்.

முடிவு வந்த அன்றைக்கே மருந்து வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா என்னைத் திட்டித் தீர்த்தார், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். செல்வன் பக்கத்துப் பெஞ்சில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தான். நர்ஸ் என் முழங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள். முன்பெல்லாம் நான் கையை இழுத்துக்கொள்வேன். அன்றைக்கு நானே நீட்டினேன்.

"பயமில்லீங்களாக்கா?" என்றாள் அவள்.

"குத்து அம்மணி" என்றேன். "எங்க வம்சத்துல ஊசிக்குப் பயந்தவங்க யாரும் இல்லீங்க."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்த என் தம்பிக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.